டிரைவருக்கு ஆறு சட்டை

என் தம்பிக்குத் தெருவில் வைத்த பெயர் அங்குலம். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். அளவு நாடா எந்நேரமும் கழுத்தில் தொங்கும், ஆனால் அதை எடுத்து அளப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆள் படியேறி வந்து நிற்பதற்குள் தோள் எவ்வளவு, கை எவ்வளவு, எந்தப் பக்கம் தோள் இறங்கியிருக்கிறது என்று கண்ணாலேயே எடுத்துவிடுவான். அப்புறம் ஒரு மரியாதைக்கு நாடாவைப் பிடிப்பான். "அளக்காம தைச்சா மனுஷனுக்கு நம்பிக்கை வராதுக்கா" என்பான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வெட்டியதுபோக மிஞ்சிய துணி கைக்குட்டை அகலம் இருந்தாலும் அதை மடித்துச் சட்டையோடு வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவான். தையல்காரன் வீட்டுத் தலையணை உறையெல்லாம் அடுத்தவன் துணி என்று கேலி பேசுவார்கள் இல்லையா? எங்கள் வீட்டுத் தலையணை உறை கடையில் வாங்கியது. அப்படிப்பட்டவன் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் துணி விஷயத்தில் பொய் சொன்னான். சொல்லச் சொன்னவள் நான். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அவன் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. சத்தியமும் அவனோடு போயிற்று என்று நானே முடிவு செய்துகொண்டேன். இதில் சம்பந்தப்பட்ட, தம்பியின் மச்சான்காரன் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறான். படித்தால் படிக்கட்டும்.

எங்களுக்கு மாடியில் இரண்டு அறை, கீழே சைக்கிள் கடை. முன் அறையில் இரண்டு தையல் மிஷின். பழைய கதவு ஒன்றை இரண்டு இரும்புப் பெட்டிகள்மேல் படுக்கவைத்திருந்தோம், அதுதான் துணி வெட்டும் மேசை. என் வீட்டுக்காரர் போனபிறகு, "தனியா உக்காந்து என்னக்கா பண்ணப்போறே, வந்து பொத்தான் கட்டு" என்று தம்பி என்னைக் கூட்டிவந்தான். ஜன்னலோரம் என் இடம். பொத்தான், காஜா, கொக்கி, ஓரமடிப்பு எல்லாம் என் பொறுப்பு. எனக்கு எழுத்துத் தெரியாது, எண் மட்டும் தெரியும். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல வேறொருவர்தான் எழுதுகிறார். தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை. காலையில் போனால் சாயங்காலம் சோப்பு வாசனையோடு வருவாள்.

இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு பழைய பிஸ்கட் கிடங்கு இருந்தது. அதற்குள்தான் ஒரு டிவி சீரியல் எடுத்தார்கள். கொலை, கடத்தல், துப்பறிவது என்று போகும் கதை. ஒரு அதிகாரி, வாரத்துக்கு ஒரு பிணம். கிடங்குக்கு உள்ளே போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, ஜெயில் எல்லாம் அட்டையில் செய்து நிறுத்தியிருந்தார்கள். நான் ஒரு தடவை பார்க்கப்போய், கால் வலிக்கிறதே என்று ஜெயில் சுவரில் சாய்ந்து, ஜெயிலோடு சேர்ந்து விழப் பார்த்தேன். அந்தச் சீரியலுக்குத் தைப்பது முழுக்க என் தம்பிதான். யாருக்கு என்ன தைக்கவேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்புகிறவளை எல்லாரும் உடுப்பு மேடம் என்பார்கள்.

சீரியல் சட்டையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரணமாக ஒரு ஆளுக்கு ஒரே மாதிரி இரண்டு சட்டை. ஒன்று போட்டுக்கொள்ள, ஒன்று வேர்த்தால் மாற்ற. ஒரே மாதிரி ஆறு சட்டை, அதில் மூன்றுக்கு இடதுபக்கம் உள்பை என்று சீட்டு வந்தால், அந்த ஆளைச் சுடப்போகிறார்கள் என்று அர்த்தம். உள்பையில் சிவப்புச் சாயப் பொட்டலம் வைப்பார்கள். அது வெடித்தால் அந்தச் சட்டை அவ்வளவுதான். நடிப்பு சரியாக வரவில்லையென்றால் அடுத்த சட்டை, அதற்கும் அடுத்த சட்டை. அதுபோக, சுடுவதற்கு முன்னால் சிரித்துப் பேச ஒன்று, விழுந்து கிடக்க ஒன்று, காய்ந்த கறையோடு பிணவறையில் படுக்க ஒன்று. மொத்தம் ஆறு.

ஆக, யார் சாகப்போகிறார் என்பது நடிக்கிறவருக்குத் தெரிவதற்கு முன்னால் என் தம்பிக்குத் தெரிந்துவிடும். சாகப்போகிறவர்கள் அளவு கொடுக்க வந்து நின்று, "மாஸ்டர், கொஞ்சம் லூசா வைங்க, அடுத்த வருஷமும் போடணும்ல" என்பார்கள். தம்பி நாடாவை வாயில் கடித்துக்கொண்டு தலையாட்டுவான். "வாயைத் தைச்சுக்கோங்க மாஸ்டர். கதை வெளியே போச்சுன்னா உங்களுக்கும் எனக்கும் இங்கே இடமில்லை" என்று உடுப்பு மேடம் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

இனி மச்சான்காரன். தம்பி மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். மேடை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவன். அந்த நாடகக் கம்பெனி கலைந்தபிறகு தங்கை வீட்டுக்கு வந்தான். வந்தவன் இரண்டு வருஷம் பின் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். குளி என்றால் குளிப்பான், சாப்பிடு என்றால் சாப்பிடுவான், பேசு என்றால்தான் பேசமாட்டான். கண் முன்னாலேயே ஒரு மனிதன் மரச்சாமான் மாதிரி ஆகிக்கொண்டிருந்தான். அவன் தங்கை வேலைக்குப் போகும்போது, "அண்ணி, அவரைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள். பார்த்துக்கொள்ள அங்கே என்ன இருந்தது? முதுகு இருந்தது.

ஒருநாள் துணிமூட்டை கனமாக இருக்கிறது என்று சொல்லித் தம்பி அவனைக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போனான். மூட்டை அப்படியொன்றும் கனமில்லை. அன்றைக்குப் பார்த்து அதிகாரிக்கு டிரைவராக நடிக்கவேண்டிய ஆள் வரவில்லை. மூட்டையில் இருந்த நீலச்சட்டையை எடுத்து இவனுக்கு மாட்டினார்கள். தைத்து வைத்த மாதிரி பொருந்தியது. ஒரே ஒரு வசனம்: "வண்டி ரெடி சார்." இத்தனைக்கும் இவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வண்டியைப் பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளுவார்கள், இவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருப்பான்.

ஆனால் பாருங்கள், பின் சீட்டில் அதிகாரி பேசுவதைக் கேட்டுக்கொண்டு, பின்னால் பார்ப்பதற்காகத் தலைக்குமேல் மாட்டியிருக்கும் கண்ணாடியில் இவன் ஒரு முகம் காட்டுவான். பாவமும் இருக்கும், கேலியும் இருக்கும், எல்லாம் எனக்குத் தெரியும் என்பதும் இருக்கும். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. மூன்று வருஷம் அந்தச் சீரியலில் வண்டி ஓட்டினான். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவன் "டிரைவர்" ஆனான். காலையில் எழுந்து முகம் மழித்தான், பாட்டுப் பாடினான், என் பொத்தான் டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு என்னைத் திட்டவைத்தான். அவனுக்கு ஒரே ஒரு குறை.

"மூணு வருஷமா கண்ணாடியிலயே நடிக்கிறேன்க்கா. என்னைக்காவது ஒருநாள் முழு மூஞ்சியா, பத்து வரி சேர்ந்தாப்போலப் பேசணும்."

"பேசுவே, பேசுவே. முதல்ல டப்பாவைக் குடு."

அந்தச் சீட்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தம்பி படித்தான். மடித்துப் பையில் வைத்தான். எடுத்து மறுபடி படித்தான். மிஷினில் உட்கார்ந்தான், மிதிக்கவில்லை.

"என்னடா, ஊசி ஒடஞ்சுதா?"

சீட்டை என் மடியில் போட்டான். அதில் எனக்குப் படிக்கத் தெரிந்தது ஆறு என்ற எண் ஒன்றுதான்.

"யாரு?"

பின் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினான். உள்ளே மச்சான்காரன் கன்னம் நிறைய நுரையோடு பாடிக்கொண்டிருந்தான்.

எனக்கு விரலில் ஊசி ஏறிவிட்டது. "அவன்கிட்ட சொல்லிடு" என்றேன்.

"சொன்னா?"

"மனசைத் தயார் பண்ணிக்குவான்ல."

"எதுக்குத் தயார் பண்ணிக்குவான்? மறுபடி அந்தச் சுவத்தைப் பாத்துப் படுக்கவா?"

"அப்போ அந்த மேடம்கிட்ட கெஞ்சிப் பாரு."

"கதை எழுதறது மேடமாக்கா? அவங்களுக்கே மேலேருந்து சீட்டுதான் வருது."

அப்போதுதான் எனக்கு வக்கீலம்மா ஞாபகம் வந்தாள். அதே சீரியலில் ஒரு வக்கீலம்மாவுக்கும் ஒரு தடவை ஆறு கறுப்புக்கோட்டு என்று சீட்டு வந்தது. தைத்தும் கொடுத்தோம். சுடுவதற்கு முந்தின நாள் அந்த நடிகை குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். இரண்டு மாசம் தள்ளிப்போயிற்று. அதற்குள் கதை எழுதுகிறவருக்கு மனசு மாறிவிட்டது. அவளை இன்றுவரை யாரும் சுடவில்லை, கோர்ட்டில் கத்திக்கொண்டேதான் இருக்கிறாள்.

"தள்ளிப்போட்டா தப்பிச்சுக்கலாம்டா. துணி இல்லைன்னு சொல்லிடு."

அந்தச் சட்டைத் துணி மங்கலான நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. மில்லில் அந்த ரகத்தை நிறுத்தியபோது, கடையில் மிச்சமிருந்த பன்னிரண்டு மீட்டரையும் தம்பி வாங்கிவந்து பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தான். மச்சான் இன்னும் பல வருஷம் வண்டி ஓட்டுவான் என்று நினைத்து வாங்கியது. மேடத்துக்கு அது தெரியாது.

"துணி இருக்கேக்கா."

"கட்டிலுக்கு அடியில இருக்கு. அந்தம்மா கண்ணுக்கு முன்னால இருக்கா? இல்லையே. அப்போ இல்லைன்னு சொல்றதுல என்ன பொய்?"

"இது உனக்கே நல்லாயிருக்கா?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு."

மச்சான்காரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்ன மாப்ள, மிஷினுக்குக் காய்ச்சலா? மிதிக்காம உக்காந்திருக்கே?" என்று தம்பி நெற்றியைத் தொடாமல் மிஷினின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். தம்பி சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் அவன் முகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை, பார்க்காமலே இருந்திருக்கலாம்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு வியாழக்கிழமை கிடங்குக்குப் போனான். நடந்ததை வந்து என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.

"மேடம், அந்த ரகம் மில்லுல நிறுத்திட்டாங்க. கடை கடையா ஏறி இறங்கிட்டேன்."

"வேற நீலத்துல தைச்சா?"

"கோடு மாறும். டிவியில பளிச்சுன்னு தெரியும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாஸ்டர். மேலே சொல்லிடறேன்."

சொல்லி முடித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தான். நாலு தடவை கொப்பளித்தான்.

அடுத்த மூன்று வாரம் மச்சானை ஷூட்டிங்குக்குக் கூப்பிடவில்லை. அவன் கவலைப்படவில்லை. "பெருசா ஏதோ வருதுன்னு நினைக்கிறேன் மாப்ள. அதுக்குத்தான் ஓய்வு குடுத்திருக்காங்க" என்றான். நான் தம்பியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவேன். அவனும் மெல்ல மெல்லத் தெளிந்தான். மிஷின் சத்தம் பழையபடி வந்தது. உயிர் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிவிட்டோம் என்று அக்காவும் தம்பியும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வாரம் ஒருநாள் சாயங்காலம் எப்போதும்போல ஏழரை மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தோம். கீழே சைக்கிள் கடைக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பார்த்தால் டிரைவரோடு உட்கார்ந்து டிரைவரைப் பார்க்கலாம் என்று அவர்களுக்கு ஒரு பெருமை. அதிகாரி ஸ்டேஷனில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்தார். கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம டிரைவரைச் சுட்டுட்டாங்களாம். உயிர் போயிடுச்சாம்" என்றார். உடனே பற்பசை விளம்பரம் வந்துவிட்டது.

"யாரு? நானா?" என்றான் மச்சான்காரன்.

விளம்பரத்தில் ஒரு பெண் எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வேற டிரைவரா இருக்கும்ணே" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"இருக்கிறது ஒரு டிரைவர்தானேய்யா. அதுவும் நான்தான்."

விளம்பரம் முடிந்தது. அவன் வண்டி ஒரு சாலையோரம் நின்றது. கதவு திறந்திருந்தது. அவன் முகம் காட்டும் அந்தக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் காட்டினார்கள், அதில் யாரும் இல்லை. அப்புறம் அதிகாரி வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டார். கதையும் அவரோடு போய்விட்டது.

தம்பி மனைவி கொதித்தெழுந்தாள். "கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களா? மூணு வருஷம் வேலை பாத்த மனுஷனுக்கு இதுதான் மரியாதையா?" சைக்கிள் கடைக்காரர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, துக்க வீட்டிலிருந்து போகிற மாதிரி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனாள். மச்சான்காரன்தான் சிரித்தான். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினான்.

"ஒரு சாவுகூடக் குடுக்கல பாத்தியா மாப்ள? அந்த பேங்க் மேனேஜர் ரெண்டே நாள்தான் வந்தான். அவனுக்கு மாடிப்படியில உருண்டு உருண்டு விழுற சாவு. எனக்குப் போன்ல."

தம்பி எழுந்து முன் அறைக்குப் போய் விளக்கைப் போடாமல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

சனிக்கிழமை வேறு துணி கொடுக்கக் கிடங்குக்குப் போனவன், திரும்பி வந்து படியில் உட்கார்ந்துவிட்டான். மேலே ஏறவில்லை. நான் இறங்கிப் போனேன்.

"ஏழு பக்கம்க்கா."

"என்னது ஏழு பக்கம்?"

மேடம் சொன்னதைச் சொன்னான். டிரைவர் சாவுக்கு ஏழு பக்கம் வசனம் எழுதியிருந்தார்களாம். அதிகாரியின் மடியில் தலைவைத்துக்கொண்டு டிரைவர் பேசிக்கொண்டே இருக்கிறான், அதிகாரி வாயே திறப்பதில்லை. எழுதினவர் எழுதும்போதே அழுதாராம். மூன்று நாள் ஷூட்டிங் போட்டிருந்தார்களாம். சட்டை இல்லை என்றதும் நாள் தள்ளவேண்டும், அதிகாரியாக நடிப்பவருக்கு வெளிநாட்டில் வேறு படப்பிடிப்பு, தள்ள முடியாது. சரி, போனில் முடித்துவிடுங்கள் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். "பாவம் மாஸ்டர் உங்க மச்சான். அந்தத் துணி மட்டும் கிடைச்சிருந்தா ஊரே அழுதிருக்கும்" என்று மேடம் உச்சுக்கொட்டினாளாம்.

நான் சும்மா இருக்கவில்லை. "ஆறு சட்டையும் தைச்சுக் குடுத்திருந்தா மட்டும் பொழைச்சிருப்பானா? அப்பவும் செத்துத்தானேடா இருப்பான்?"

"செத்திருப்பான்க்கா. ஆனா நடிச்சிட்டுச் செத்திருப்பான்."

தெரிந்தா செய்தோம்? காலை உடைத்துக்கொண்ட வக்கீலம்மா பிழைத்தாள், சட்டை இல்லாத டிரைவர் பிழைக்கமாட்டானா என்று நினைத்தோம். இன்றைக்கும் அதைத் தப்பு என்று என் வாயால் சொல்லமாட்டேன். சொன்னால் அது தம்பி தலையில் அல்லவா போய் விழும்?

மச்சான் வெளியே போன நேரம் பார்த்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து துணியை இழுத்தான் தம்பி. இரண்டு பகல் வேறு எதையும் தொடவில்லை. ஆறு சட்டை. மூன்றுக்கு இடதுபக்கம் உள்பை. கோட்டோடு கோடு சேர்த்து, தோளில் ஒரு நூல் பிசகாமல், அவன் தைத்ததிலேயே நல்ல சட்டைகள் அவைதான் என்று நான் அடித்துச் சொல்வேன். பொத்தான் நான் கட்டினேன். ஒரு சட்டைக்கு ஏழு. காஜா போடும்போது கேட்டேன், "எதுக்குடா இப்போ?"

"பழைய கதை மாதிரி காட்டுவாங்கள்ல. எப்படிச் செத்தார்னு பின்னால காட்டுவாங்கள்ல."

கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனான். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். உடுப்பு மேடம் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரு சட்டையை விரித்துப் பார்த்தாள்.

"துணி எங்கே கிடைச்சுது மாஸ்டர்?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன், பழைய சரக்கு விற்கும் கடை என்று. அதற்குள் அவனே, "கட்டிலுக்கு அடியில" என்றான்.

அவள் இடதுபக்க உள்பைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. கோபப்படுவாள், கத்துவாள், இனி சீட்டு அனுப்பமாட்டாள் என்று நின்றுகொண்டிருந்தோம். அவள் சட்டையைப் பழையபடி மடித்தாள்.

"செத்தவரை மறுபடி எப்படி மாஸ்டர் சாகடிக்கிறது? அவருக்குப் பதிலா வேற டிரைவர் வந்தாச்சு. கதை மூணு கொலை தாண்டிப் போயிடுச்சு."

"அந்த ஏழு பக்கமாவது இருக்கா மேடம்?"

"அதெல்லாம் அப்பவே கிழிச்சுப் போட்டாச்சு. நான்கூடப் படிக்கல." கட்டைத் தம்பியின் கையில் வைத்தாள். "எடுத்துட்டுப் போங்க. நான் இதைப் பாக்கல."

திட்டியிருந்தால் பரவாயில்லை. பஸ்ஸில் தம்பி அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இறங்கும்போது, "மச்சான்கிட்ட சொல்லிடறேன்க்கா" என்றான். நான் வேண்டாம் என்றேன். முதலில் சொல்லச் சொன்னவளும் நான், அப்புறம் வேண்டாம் என்றவளும் நான். தெரிந்தால் அவன் என்ன செய்வான்? கிழித்துப்போட்ட ஏழு பக்கத்தை நினைத்து நினைத்துப் படுத்துக்கிடப்பான். தெரியாவிட்டால், யாரும் எழுதவே இல்லை என்றாவது இருப்பான். இதில் எது மேல் என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

மச்சான்காரன் நாங்கள் பயந்தபடி படுத்துவிடவில்லை. அந்தக் குறை அவனை வேறு விதமாகப் பிடித்தது. தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் அவனைக் கேட்டார்கள், "எப்படிச் செத்தீங்க டிரைவரே? காட்டவே இல்லையே?" முடிவெட்டுகிறவர் கேட்டார், பஸ் நிறுத்தத்தில் கேட்டார்கள், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் தங்கையிடம் கேட்டனுப்பினார்கள். எனக்கே தெரியாது என்று சொல்ல ஒரு நடிகனால் முடியுமா? இவன் சொல்லத் தொடங்கினான். ஒருவரிடம் பாலத்தின்மேல் சுட்டார்கள் என்றான். ஒருவரிடம் அதிகாரிக்கு வைத்த குறியில் குறுக்கே பாய்ந்தேன் என்றான். சைக்கிள் கடைக்காரர் மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"என்கிட்ட பாலம்னீங்க. முடிவெட்டுறவர்கிட்ட வீட்டு வாசல்னீங்களாமே. ஒரு மனுஷன் எத்தனை தடவைதான்ணே சாவான்?"

"காட்டாத சாவுதானேய்யா. இஷ்டப்படி சாகவேண்டியதுதான்."

வெளியே இப்படிப் பேசிவிட்டு, உள்ளே வந்து யோசிக்க ஆரம்பித்தான். எல்லாருக்கும் ஒன்றையே சொல்லவேண்டும், அது நன்றாக இருக்கவேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் முன் அறைக்கு வந்தான்.

"மாப்ள, எழுந்திரு. நீதான் அதிகாரி."

"எனக்கு நடிக்கத் தெரியாது மச்சான். காலர் பாதியில நிக்குது."

"நீ ஒண்ணும் நடிக்க வேணாம். சும்மா உக்காரு. உன் மடியில நான் சாகணும், அவ்வளவுதான்."

யார் சொல்லி மடி என்று வந்தது? யாரும் சொல்லவில்லை. அவனுக்கே தோன்றியிருக்கிறது. தம்பி என்னைப் பார்த்தான். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

தம்பி தரையில் உட்கார்ந்தான், சுற்றிலும் வெட்டிய துணித்துண்டுகள். மச்சான் படுத்து அவன் மடியில் தலையை வைத்தான். நெஞ்சில் இடதுபக்கம் கையை அழுத்திக்கொண்டு மூச்சு வாங்கினான். நன்றாகத்தான் வாங்கினான், நானே எழுந்துவிட்டேன்.

"சார், எங்க வீட்டுல நான் வர்றேன்னு கதவைத் திறந்து வச்சிருப்பாங்க சார். யாராவது போய்ச் சாத்தச் சொல்லுங்க..."

அதற்குமேல் வரவில்லை. கண்ணை மூடியபடியே யோசித்தான். "சாத்தச் சொல்லுங்க... அப்புறம்..." தம்பியின் கண்ணிலிருந்து சொட்டுச்சொட்டாக மச்சானின் நெற்றியில் விழுந்தது. மச்சான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

"அடேயப்பா. நல்லா அழறியே மாப்ள! நீ தப்பான தொழிலுக்கு வந்துட்டே. அக்கா, இவனைப் பாருங்க!"

நான் பார்த்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. வேண்டாம் என்றவளே நான்தானே, எந்த முகத்தோடு சொல்லச் சொல்வேன்? தம்பியின் உதடு இரண்டு தடவை திறந்து மூடியது.

மச்சான்காரன் எழுந்து உட்கார்ந்து தலையைச் சொறிந்தான். "ரெண்டு வரிக்குமேல வர மாட்டேங்குது. சாகிறவன் இன்னும் எவ்வளவோ பேசுவானே. அவங்க எழுதியிருந்தா என்னதான் எழுதியிருப்பாங்க மாப்ள?"

"தெரியல மச்சான்."

"நீ என்னத்தைக் கண்டே, பாவம். சரி, காலை நல்லா நீட்டிக்கோ. முட்டி இடிக்குது. இன்னொரு தடவை."

தம்பி காலை நீட்டிக்கொண்டான்.